தீவில் தனிக்குடித்தனம்



பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் இளம் சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறதாம். கணவருக்குத் தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஓட்டல் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. "அங்கே போனா பீச்சைப் பாத்துட்டு ஜாலியா இருக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மட்டும் வயித்துல புளியக் கரைக்குதுங்க அக்கா. நான் அங்க போய் நாள் பூரா என்ன பண்ணுவேன்?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. அவருக்கு மட்டுமில்லை, கணவரின் உத்தியோகத்துக்காக வெளியூர் போகிற எல்லாப் பெண்களுக்கும் உள்ள கேள்வி. 2013 முதல் 2018 வரை அதே தீவில் நானும் என் வீட்டுக்காரரும் குடித்தனம் செய்தோம். மகள் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். இவருக்கு ஒரு விடுதியில் மோட்டார், பம்ப்செட் பராமரிக்கும் வேலை. நம் ஊர்க்காரருக்கு வேறென்ன வேலை கிடைக்கும், சொல்லுங்கள்!

புக்கெட் தாய்லாந்தின் மிகப் பெரிய தீவு. தீவு என்றால் படகில் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். 1967-லேயே பாலம் கட்டி நிலப்பகுதியோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு காலத்தில் வெள்ளீயம் தோண்டிப் பிழைத்த ஊர். பிறகு ரப்பர், இப்போது உல்லாசப் பயணிகள். கடிகாரத்தில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறார்கள். கோவையில் காலை ஆறு மணிக்கு மாமியார் வாசல் தெளிக்கும்போது, அங்கே ஏழரை; இவர் வேலைக்குக் கிளம்பியிருப்பார்.

அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நானும் நான்கு சுவரும்தான்.

கணவருடைய விசாவைச் சார்ந்து போகிற மனைவி அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். பாஷை தெரியாது. கடைப் பலகையைப் படிக்கலாமென்றால் எழுத்தும் புரியாது. மூன்றாவது மாதம் ஒருநாள் ராத்திரி இவர் களைத்துப்போய் வந்து உட்கார்ந்தார். நான் விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். "கொஞ்ச நேரம் சும்மா இரேன் அம்மிணி" என்றார். "ஏனுங்க, இன்னைக்குக் காலையில இருந்து நான் வாயைத் திறந்து பேசற முதல் ஆளு நீங்கதானுங்க" என்றேன். இவர் பதில் பேசவில்லை. அதற்குமேல் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

சகோதரி, நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். ஆண்களுக்கு வேலையோடு கூடவே நாலு மனிதர்களும் கிடைத்துவிடுகிறார்கள். நமக்கு அப்படி யாரும் காத்திருப்பதில்லை. அதனால் அம்மா, அக்கா, பக்கத்து வீடு, கோயில், கடைத்தெரு எல்லாமாகவும் கணவர் ஒருவரே இருக்கவேண்டுமென்று மனசு எதிர்பார்க்கிறது. எவ்வளவு நல்ல மனிதரானாலும் அந்தப் பாரத்தை ஓர் ஆள் சுமக்க முடியாது. நமக்கு வேண்டிய மனிதர்களை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

எங்கே தேடுவது? எனக்குக் கைகொடுத்தது காய்கறிச் சந்தை.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தினமும் காலையில் போக ஆரம்பித்தேன். நுங், ஸோங், ஸாம், ஸீ, ஹா. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணக் கற்றுக்கொண்டது ஒரு கிழவியின் கடையில். "தாவ்ராய்?" என்றால் "என்ன விலை?" அங்கே பெண்கள் மரியாதைக்காக ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் "கா" என்று சேர்ப்பார்கள். நாம் "வாங்க, சொல்லுங்க, சரிங்க" என்று 'ங்க' போடுகிறோமே, அதே மாதிரி! மூத்தவளை "பீ" என்றும், இளையவளை "நோங்" என்றும், வயதான அம்மாளை "பா" என்றும் கூப்பிடுகிறார்கள். பேர் சொல்லாமல் அக்கா, தங்கச்சி, பெரியம்மா என்று முறை வைத்துப் பேசிப் பழகிய நமக்கு இது கஷ்டமா என்ன? கைகூப்பி வணங்குவதும் நம் வழக்கம்தான்.

கூடைகளைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். நாம் வற்றல் போடுகிற சுண்டைக்காயைக் கொத்துக் கொத்தாக விற்கிறார்கள்; தேங்காய்ப்பால் குழம்பில் பச்சையாகவே முழுசாகப் போடுவார்களாம். கோவைக்கொடியின் இலையைக் கீரையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். முருங்கைக்காய், புடலங்காய், வாழைப்பூ, அகத்திப்பூ எல்லாம் உண்டு. வல்லாரையைச் சாறு பிழிந்து சர்க்கரை சேர்த்துக் குடிக்கிறார்கள். ஜலதோஷத்துக்கு நாம் தேடுகிற பேரரத்தை அங்கே அன்றாடச் சமையல் சாமான். நாம் மாடத்தில் வைத்துக் கும்பிடுகிற துளசியை மட்டும் இறைச்சியோடு வதக்குகிறார்கள்! முதலில் திக்கென்றிருந்தது. அது அவர்கள் வழக்கம். நான் ஒரு செடி வாங்கித் தொட்டியில் வைத்து விளக்கேற்றினேன். தேங்காய் வாங்கினால் கடையிலேயே இயந்திரத்தில் துருவி, பாலும் பிழிந்து தருகிறார்கள். நாள் தவறாமல் தேங்காய் அரைக்கிற கொங்குநாட்டுப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோவைக்கீரை வழியாகத்தான் எனக்கு ஒரு சிநேகிதமும் வந்தது. எதிர்வீட்டு அம்மாள் நூடுல்ஸ் கடை வைத்திருந்தார். அவர் வேலியில் கோவைக்கொடி படர்ந்திருந்தது. நான் கையைக் காட்டிக் கேட்டேன். ஒரு கட்டு பறித்துக் கொடுத்தார். மறுநாள் நான் தேங்காய் பர்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். பேச எங்களுக்குள் பொதுவான பாஷை கிடையாது. என் நோட்டில் இருந்த முப்பது நாற்பது வார்த்தைகளும், மிச்சத்துக்குக் கையும் சிரிப்பும்தான். தினம் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்குப் பிறகு இவர் வீட்டுக்கு வந்தால் எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது. இவர் பேசுவதைக் கேட்கப் பொறுமையும் இருந்தது.

அந்தச் சிநேகிதத்தின் அருமை நான்காவது வருஷ மழைக்காலத்தில் தெரிந்தது. இவருக்குக் கடுமையான காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. டெங்கு என்று பரிசோதனையில் தெரிந்தது. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. 'அப்பாடா' என்று இருந்துவிடத் தோன்றும். ஆனால் டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற சமயம்தான் ஆபத்தான சமயம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று ராத்திரி தாங்காத வயிற்றுவலி, விடாத வாந்தி. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். தம் மகனை எழுப்பினார். வண்டியை எடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் எனக்காகப் பேசியதும் அவர்தான். ஐந்து நாள் வைத்திருந்து, சலைன் ஏற்றி, பிழைக்கவைத்து அனுப்பினார்கள். அந்த ஐந்து நாளும் கஞ்சி அவர் கடையிலிருந்து வந்தது.

இளம் தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்; நம் ஊருக்கும் பொருந்தும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. சந்தேகமான காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். கஞ்சி, இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் என்று அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தூக்கக் கலக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் பப்பாளி இலைச்சாறு அரைத்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாய்லாந்தில் 1977-ல் கிராமச் சுகாதாரத் தொண்டர்கள் என்று ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். இன்று நாடு முழுதும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். வீடு வீடாக வந்து பூந்தொட்டித் தட்டு, தண்ணீர்ச் சாடி எல்லாவற்றிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாமும் வாரம் ஒருமுறை நம் வீட்டில் பார்த்தால் என்ன?

இனி, புறப்படுகிற சகோதரிக்குச் சில வார்த்தைகள்.

வீட்டு விலாசம், கணவரின் போன் நம்பர், இருவரின் ரத்த வகை, ஒவ்வாத மருந்து, இவற்றை தாய்லாந்து எழுத்தில் எழுதி வாங்கி ஒரு அட்டையாகப் பர்ஸில் வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 1669. கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு உங்களுக்கும் சேர்த்தா, கணவருக்கு மட்டுமா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். 90 நாளுக்கு ஒருமுறை குடியேற்றத் துறைக்கு விலாசம் தெரிவிக்க வேண்டும். நாட்டைவிட்டு வெளியே வருமுன் மறுபடி நுழைவதற்கான அனுமதி வாங்காவிட்டால் விசா போய்விடும். ஊரில் வயதானவர்கள் இருந்தால், பல தடவை போய்வரும் அனுமதியாகவே வாங்கி வைத்துவிடுங்கள். அவசரச் செய்தி நேரம் பார்த்து வருவதில்லை.

பட்டுப்புடவைகளை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். பருப்பும் மிளகாயும் இறுக மூடும் டப்பாவில் இருக்கட்டும். இட்லி மாவு ராத்திரி முழுக்க வெளியே இருந்தால் பொங்கி வழிந்துவிடும். ஆறு மணி நேரம் போதும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சிறுவாணி ருசியை அங்கே தேடவும் தேடாதீர்கள்!

மே முதல் அக்டோபர் வரை கடல் பொல்லாதது. கரையில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் ஆழத்துக்குக்கூட இறங்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று நம் நாகப்பட்டினத்தை அடித்த அதே சுனாமி அங்கேயும் அடித்தது; தாய்லாந்தில் மட்டும் 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மேட்டுக்கு ஓட வழிகாட்டும் பலகைகள் கடற்கரையோரம் இருக்கின்றன. குடிபோன வாரமே அந்த வழியில் ஒருமுறை இருவரும் நடந்து பாருங்கள்.

பண்டிகை நாளில் மனசு ஊருக்குப் போய்விடும். அப்போதும் வாசலைத் தாண்டி வெளியே வாருங்கள். நம் சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டியே அவர்களும் ஏப்ரல் 13 அன்று புதுவருஷம் கொண்டாடித் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்கள். நவராத்திரியை ஒட்டி வரும் ஒன்பது நாள் சீனக் கோயில் திருவிழாவில் தீவே மஞ்சள் கொடி கட்டும். அந்தக் கொடி உள்ள கடைகளில் சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூட இல்லை. பக்தர்கள் கன்னத்தில் அலகு குத்தி வருவதையும் தீ மிதிப்பதையும் பார்த்தபோது, பண்ணாரி அம்மன் குண்டம் என் கண்முன்னால் வந்து நின்றது.

போகலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்களே, கண்ணு. தைரியமாகப் போய்வாருங்கள். கடற்கரையை ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இறங்கின மறுநாள் காலையிலேயே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள். முதல் வார்த்தை, "தாவ்ராய் கா?"

அடுத்த இதழில்: மழைக்காலத்தில் குழந்தைகளின் துணிகளை உலர்த்தும் முறைகள்.