ரேடியோவில் வேலை: கதவு யாருக்குத் திறக்கிறது?

டீக்கடையில் ரேடியோ பாடுகிறது. தையல் கடையில் பாடுகிறது. ஆட்டோவில் பாடுகிறது. கைபேசியிலும் பாடுகிறது. அதைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. காசும் கொடுக்க வேண்டாம்.

ஆனால், அதில் பேசுவதற்கு? அந்த நிலையத்தில் வேலை பார்ப்பதற்கு? அந்த வாய்ப்பும் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா?

தாம்பரத்திலும், அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

காதோடு காதாக ஒரு செய்தி

ரேடியோ நிலையம் என்றால் அறிவிப்பாளர் மட்டும் அல்ல. நிகழ்ச்சியை எழுதுகிறவர் வேண்டும். ஒலிப்பதிவு செய்கிறவர் வேண்டும். பதிவானதை வெட்டி ஒட்டிச் சரி செய்கிறவர் வேண்டும். கருவிகளைக் கவனிக்க என்ஜினீயர் வேண்டும். விளம்பரம் வாங்கி வர ஆள் வேண்டும். கணக்கு எழுதவும் ஆள் வேண்டும்.

பெரிய நிலையமானால் பல பேர் இருப்பார்கள். சிறிய நிலையமானால் ஐந்தாறு பேரே எல்லாவற்றையும் பார்த்துக் கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வேலை காலியானால் என்ன நடக்கும்? இருக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லுவார்கள். "நல்ல பையன் ஒருவன் இருந்தால் அனுப்பு" என்பார்கள். ஒரு பையன் வருவான். வேலை முடிந்தது!

இதில் யாரும் லஞ்சம் வாங்கவில்லை. யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவும் இல்லை. ஆனாலும், முடிச்சூரிலோ மாடம்பாக்கத்திலோ இருக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்கு அந்தச் செய்தி எட்டாது. அவள் நன்றாகப் பேசுவாள். தெளிவாக எழுதுவாள். ஆனால் ரேடியோவில் வேலை பார்க்கிற மாமாவோ, அண்ணனோ அவளுக்கு இல்லை. வேலை காலி என்பதே தெரியாதவள் மனு போடுவது எப்படி?

போட்டியில் தோற்பது வேறு. போட்டி நடந்ததே தெரியாமல் இருப்பது வேறு. அநியாயம் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

ஆகாயம் யார் சொத்து?

"நிலையம் வைத்திருப்பவர் தமக்குப் பிடித்தவரை வேலைக்கு வைத்துக் கொள்கிறார். அதைக் கேட்க நாம் யார்?" என்று சிலர் சொல்லலாம்.

கேட்க உரிமை உண்டு. மளிகைக் கடை வேறு, ரேடியோ நிலையம் வேறு. ரேடியோ அலைகள் ஒருவருடைய சொந்தச் சொத்து அல்ல.

1995-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கூறியது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்புவது பற்றி எழுந்த வழக்கு அது. நீதிபதி பி.பி.சாவந்த் முதலியோர் விசாரித்தார்கள். அலைகள் பொதுமக்களின் சொத்து, அவற்றைப் பொதுமக்களின் நன்மைக்காகவே பயன்படுத்த வேண்டும் என்று தீர்ப்பில் கூறினார்கள்.

பொதுச் சொத்தைப் பயன்படுத்தித் தொழில் நடத்துகிறவர்களிடம், "வேலை வாய்ப்பைப் பொதுவாக அறிவித்தீர்களா?" என்று பொதுமக்கள் கேட்பது நியாயம்தானே?

கிண்டியில் ஒரு தொடக்கம்

ரேடியோவில் சென்னைக்கு என்றுமே தனி இடம் உண்டு. இங்கே அகில இந்திய ரேடியோ நிலையம் 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி தொடங்கியது. இந்தியாவில் எப்.எம். ஒலிபரப்பு முதன்முதலாக நடந்ததும் சென்னையில்தான். அது 1977-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி.

2002-ம் ஆண்டின் இறுதியில், கல்வி நிலையங்கள் சிறிய ரேடியோ நிலையங்கள் நடத்தலாம் என்று மத்திய சர்க்கார் அனுமதித்தது. அதன்படி 2004-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் "அண்ணா எப்.எம்." பிறந்தது. கல்லூரி வளாகத்தில் அமைந்த சமுதாய வானொலியில் இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. மாணவர்களே நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள்.

2006-ம் ஆண்டு நவம்பர் மாதம் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று சர்க்கார் அறிவித்தது. 2024-ம் ஆண்டில் நாடு முழுவதும் இப்படி 480-க்கு மேற்பட்ட நிலையங்கள் இருந்தன.

சமுதாய வானொலி சிறிய சக்தி கொண்டது. சுமார் 5 முதல் 10 கிலோ மீட்டர் தூரம்தான் கேட்கும். அதுவே அதன் பெருமை. அது ஒரு வட்டாரத்தின் குரல். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த வட்டாரத்து மக்களின் பங்கோடு தயாராக வேண்டும் என்பது விதி. அந்த ஊர்ப் பேச்சிலேயே நிகழ்ச்சி நடத்தலாம்.

தாம்பரம் பக்கம்

தாம்பரம் பகுதி படிப்புக்குப் பெயர் போனது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ம் ஆண்டில் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. 1949-ல் தொடங்கியது. பிறகு எத்தனையோ கல்லூரிகள் வந்துவிட்டன. காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தார் "முத்துச்சரம்" என்ற சமுதாய வானொலியை அமைத்தார்கள்.

2021-ம் ஆண்டு நவம்பர் மாதம் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை எல்லாம் அதில் சேர்ந்தன. மின்சார ரெயிலில் காலையில் ஏறும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அதில் எத்தனை பேர்!

இந்தப் பிள்ளைகளுக்குச் சமுதாய வானொலி ஒரு நல்ல பள்ளிக்கூடம். ஆனால், கல்லூரி நடத்தும் நிலையத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. அந்தக் கல்லூரி மாணவர்கள் மட்டுமே பேசி, அவர்கள் மட்டுமே பழகி, சுவருக்குள்ளேயே நிலையம் முடிந்து போகலாம். வெளியே இருக்கும் காய்கறிக்காரரிடம் மைக்கை நீட்டி இரண்டு வார்த்தை வாங்கி வந்தால், "மக்களின் பங்கு" என்று கணக்கு எழுதிவிடலாம்.

பேட்டி கொடுப்பது ஒரு பங்கு. பொறுப்பில் இருப்பது இன்னொரு பங்கு. அந்தக் காய்கறிக்காரரின் மகன் நிகழ்ச்சி தயாரிப்பாளராக உட்கார முடிந்தால்தான் அது உண்மையான பங்கு.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் இந்த விஷயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ரேடியோ நிலையங்கள் வேலைக்கு ஆள் எடுப்பதில் நிறம், மதம் என்று பேதம் பார்க்கக் கூடாது என்று 1969-ம் ஆண்டிலேயே அங்கே விதி வந்தது. நிலையங்களுக்கு லைசென்சு கொடுக்கும் கமிஷன் அந்த விதியைப் போட்டது. கோர்ட்டுகள் 1998-லும் 2001-லும் அந்த விதிகளைத் தள்ளின. கமிஷன் விடவில்லை. 2003-ல் புதிய விதிகள் அமலுக்கு வந்தன.

அந்த விதிகள், "இத்தனை கறுப்பரை எடு, இத்தனை பெண்களை எடு" என்று சொல்லவில்லை. மூன்று காரியங்களையே சொல்லின.

ஒன்று: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்கள் உள்ள நிலையம், காலியான வேலையைப் பற்றி ஊர் முழுவதும் தெரியும்படி செய்ய வேண்டும்.

இரண்டு: "எங்களுக்கும் தகவல் அனுப்புங்கள்" என்று எந்தச் சங்கம் கேட்டாலும் அனுப்ப வேண்டும்.

மூன்று: வேலை காலி இல்லாத காலத்திலும் சும்மா இருக்கக் கூடாது. பள்ளி, கல்லூரிகளுக்குப் போக வேண்டும். ரேடியோ வேலை எப்படிப்பட்டது என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுக்க வேண்டும். வேலைவாய்ப்புச் சந்தைகளில் கலந்து கொள்ள வேண்டும்.

இதோடு முடியவில்லை. எத்தனை வேலை காலியானது, செய்தி எங்கெங்கே அனுப்பப்பட்டது, வேலை பெற்றவர் எந்த வழியாகச் செய்தி அறிந்து வந்தார் என்று ஆண்டுக்கு ஒரு முறை எழுதி வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம்!

இந்த மூன்றாவது விதிதான் முக்கியம். வேலை காலியான பிறகு விளம்பரம் செய்தால், ஏற்கனவே தயாராக இருப்பவர் மட்டுமே வருவார். தயாராவதற்கு வழி தெரியாத பிள்ளையை முன்கூட்டியே தேடிப் போக வேண்டும்.

நம் நாட்டில் சட்டம் இல்லையா?

இருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்தில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்லுகிறது. ஆனால், தனியார் நிலையத்துக்கு அது பொருந்தாது.

25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ல் ஒரு சட்டம் வந்தது. பின்னர் அது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. ஐந்தாறு பேர் மட்டும் உள்ள சிறிய ரேடியோ நிலையத்தை 1959-ம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை.

மாற்றுத் திறனாளிகளுக்கு 2016-ல் சட்டம் வந்தது. திருநங்கை, திருநம்பியரை வேலையில் ஒதுக்கக் கூடாது என்று 2019-ல் சட்டம் வந்தது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில், சமுதாய வானொலிக்குத் திருத்திய விதிகள் வெளியாயின. நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. இது நல்ல விதி.

ஆனால் ஆலோசனைக் குழுவில் இடம் கிடைப்பது வேறு. சம்பளத்தோடு வேலை கிடைப்பது வேறு.

பட்டம் இல்லாத பெண்கள்

"ரேடியோ வேலைக்குத் திறமை வேண்டும். எல்லோரையும் உள்ளே விட்டால் தரம் குறைந்து போகும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அதற்குப் பதில் தெலுங்கானாவில் இருக்கிறது.

அங்கே மச்சனூர் என்ற சிற்றூரில் 2008-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி "சங்கம் ரேடியோ" தொடங்கியது. தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தின் நிலையம் அது. அதைத் திறந்து வைத்தவர், 1995-ல் தீர்ப்புக் கூறிய அதே நீதிபதி சாவந்த்! நிலையத்தை நடத்தியவர்கள் ஏழை தலித் பெண்கள். பொறுப்பில் இருந்த இருவருக்கும் பெயர் நரசம்மா. கல்லூரிப் பட்டம் அவர்களிடம் இல்லை. விதை, பயிர், மருந்து, பாட்டு எல்லாம் தெரியும். கருவியை இயக்கக் கற்றுக் கொண்டார்கள். நிலையம் நடந்தது.

பாம்பனில் 2016-ல் "கடல் ஓசை" தொடங்கியது. அது மீனவர்களுக்கான ரேடியோ. கடலைப் பற்றிப் பேசக் கடலில் போனவரை விடத் தகுந்தவர் யார்?

திறமை எங்கும் இருக்கிறது. அது உள்ளே வருவதற்கு வழி வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று தடைகள்

தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் மூன்று தடைகள் இருக்கின்றன.

முதலாவது, பேச்சு. "உன் உச்சரிப்பு சரியில்லை" என்று அனுப்பி விடுவார்கள். ழகரம் சரியாக வராவிட்டால் பழகிக் கொள்ளலாம். அது பயிற்சியால் வரும். ஆனால், ஊர்ப் பேச்சே குற்றம் என்றால் அது தவறு. வட்டாரத்துக் குரலாக இருப்பதற்குத்தான் சமுதாய வானொலிக்கு லைசென்சே கொடுக்கப்படுகிறது.

இரண்டாவது, பணம். பல இடங்களில் முதலில் சம்பளம் இல்லாமல் பயிற்சி பெற வேண்டியிருக்கிறது. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை ஆறு மாதம் சும்மா வேலை செய்யலாம். மாலையில் கடையில் வேலை பார்த்துப் படிக்கும் பிள்ளை என்ன செய்யும்? ரெயில் காசும் சாப்பாட்டுக் காசுமாவது கொடுத்தால்தான் அது சம வாய்ப்பு.

மூன்றாவது, நேரம். இரவு நிகழ்ச்சி முடிந்து பெண் வீட்டுக்குப் போவது எப்படி? இதற்கு ஏற்பாடு செய்யாமல், "பெண்கள் மனுவே போடவில்லை" என்று சொல்லுவது சரியல்ல. பெற்றோரின் பயம் நியாயமானது. அதைத் தீர்க்க வேண்டியது நிலையத்தின் கடமை.

கண் தெரியாதவருக்கும் இதையே சொல்லலாம். ரேடியோ காதால் கேட்பது. அறிவிப்பாளரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எழுத்தைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. பிறகு அவருக்கு ஏன் கதவை மூட வேண்டும்?

செலவு இல்லாத வழி

"சிறிய நிலையத்தில் பணம் ஏது?" என்று கேட்கலாம். உண்மைதான். சமுதாய வானொலிக்கு வருமானம் குறைவு. மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 2024-ல் 12 நிமிடமாக உயர்த்தப்பட்டது. சர்க்கார் விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த கட்டணம் 74 ரூபாய் ஆனது. இதனால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஆனால், வேலை காலி என்று அறிவிக்கப் பணமே வேண்டாம். ஊர் முழுவதும் கேட்கும் ஒலிபெருக்கி நிலையத்தின் கையிலேயே இருக்கிறது! வாரத்துக்கு இரண்டு முறை சொன்னால் போதும். நூலகத்திலும், ரெயில் நிலையத்துக்கு வெளியிலும், சர்க்கார் பள்ளிகளிலும் ஒரு தாள் ஒட்டலாம். குரல் சோதனையின்போது, பேசுகிறவரைப் பார்க்காமல் பதிவை மட்டும் கேட்டு மார்க்குப் போடலாம். பெயரும், ஊரும், உடையும் கண்ணை மறைக்காது.

தமிழக சர்க்கார் 2022-ம் ஆண்டு மார்ச்சு மாதம் "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்களுக்கு வேலை வழிகாட்டுவது அதன் நோக்கம். ரேடியோ நிலையத்தாரும் பள்ளிகளுக்குப் போய், ஒலிப்பதிவு அறையை மாணவர்களுக்குத் திறந்து காட்டினால், அந்த நோக்கத்துக்குக் கை கொடுத்தது ஆகும்.

மாணவர்கள் செய்ய வேண்டியது

மாணவர்களும் காத்துக் கொண்டிருக்கக் கூடாது. தினமும் பத்து நிமிடம் பத்திரிகையை உரக்கப் படியுங்கள். கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் தெருவில் உள்ள ஒரு தொழிலாளியைப் பற்றி ஐந்து நிமிட நிகழ்ச்சி எழுதிப் பாருங்கள். பக்கத்து நிலையத்துக்குக் கடிதம் எழுதி, "எப்போது ஆள் எடுப்பீர்கள்? எப்படி அறிவிப்பீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பது தவறு அல்ல. அலைகள் உங்களுக்கும் சொந்தம்.

பெற்றோர்களே! "ரேடியோ வேலை நமக்கு எதற்கு, அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்று சொல்லாதீர்கள். மச்சனூர்ப் பெண்கள் அப்படி நினைத்திருந்தால், அந்த ஊருக்குக் குரலே கிடைத்திருக்காது.