எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தோழர்களே,

போன மாதம் ஒரு சாயங்காலம். மலைக்கோட்டைக்குக் கீழே, மெயின்கார்டு கேட் பக்கத்து டீக்கடையில் நாலைந்து பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கல்லூரியில் படிக்கிறவர்கள், சனி, ஞாயிறுகளில் சேரிகளுக்குப் போய்ப் பறை சொல்லிக்கொடுக்கிறவர்கள். கையில் ஒரு விருது விண்ணப்பம். பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதியாயிற்று. ‘கலைப் பிரிவு’ என்கிற கட்டம் மட்டும் காலி. ‘இசை’ என்று ஒரு பிரிவு இருக்கிறது, ‘கிராமியக் கலை’ என்று இன்னொரு பிரிவு.

“தோழர், ‘இசை’ன்னு எழுதுனா தள்ளிருவாங்க. ‘கிராமியக் கலை’ன்னா கிடைச்சிரும். ஆனா எழுதக் கை வரல” என்றாள் ஒரு பெண்.

பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. “அமெரிக்காவுல கறுப்பர் பாட்டுக்குன்னு தனியா கிராமி விருதே இருக்கு. அவங்க வாங்கிக்கலையா? நாம மட்டும் எதுக்கு யோசிக்கணும்?”

நியாயமான கேள்வி. அந்தக் கதையையே முதலில் பார்த்துவிடுவோம்.

கறுப்பு மக்கள் பாடிய இசைத்தட்டுகளை 1920களிலிருந்தே அமெரிக்க வியாபாரிகள் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனியாகப் பிரித்து விற்றார்கள். இசைக்குப் பெயர் கிடையாது. பாடியவரின் இனம்தான் பெயர்! ‘பில்போர்டு’ பத்திரிகையும் தன் விற்பனைப் பட்டியலுக்கு அதே பெயரை வைத்திருந்தது. அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லரின் யோசனைப்படி 1949இல் அது ‘ரிதம் அண்ட் புளூஸ்’ ஆனது. பெயர்ப் பலகை மாறியது, அலமாரி மாறவில்லை.

1959 மே மாதம் முதல் கிராமி விழா. ரிதம் அண்ட் புளூசுக்கும் ஒரு விருது வைத்தார்கள். யாருக்குப் போனது? ‘டக்கீலா’ என்கிற வாத்திய இசைக்காக ‘தி சாம்ப்ஸ்’ குழுவுக்கு. அது கறுப்பர் குழுவே அல்ல. காலனிக்கென்று கட்டின தொகுப்பு வீட்டில் ஊர்க்காரன் குடியேறின மாதிரி!

அந்த இசையில் பாட்டு எழுதியவர்களுக்கான தனி விருது 1969இல்தான் வந்தது. முதல் விருது ஓடிஸ் ரெட்டிங்கும் ஸ்டீவ் கிராப்பரும் சேர்ந்து எழுதிய ‘டாக் ஆஃப் தி பே’ பாட்டுக்கு. ரெட்டிங் வாங்க வரவில்லை. 1967 டிசம்பரிலேயே, 26 வயதில், விமான விபத்தில் செத்துப்போயிருந்தார்.

அரீதா ஃபிராங்ளினைப் பாருங்கள். 1968 முதல் 1975 வரை எட்டு வருசமும் அந்தப் பிரிவில் பெண் பாடகருக்கான விருது அவருக்குத்தான். ஆனால் எல்லாரும் போட்டியிடும் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ விருது சாகும்வரை அவருக்குக் கிடைக்கவில்லை. வேலிக்குள்ளே அவர் ராணி. 1989இல் ராப் இசைக்கு முதல் விருது அறிவித்தார்கள். கொடுப்பதைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டோம் என்றார்கள். விருதை வென்ற ‘டிஜே ஜாஸி ஜெஃப் – ஃபிரெஷ் பிரின்ஸ்’ இருவரும் விழாவுக்கே போகவில்லை.

அந்தப் பிரிவு இல்லாவிட்டால் அரீதாவுக்கு அந்த எட்டாவது கிடைத்திருக்குமா? எனக்கும் சந்தேகம்தான். தனிப் பிரிவு ஒரு கதவைத் திறக்கிறது, அதே கையால் இன்னொரு கதவைச் சாத்துகிறது.

கடல் தாண்டிப் போவானேன்? காவிரியைத் தாண்டினால் போதும். உறையூரில் ஒரு பாணர். ஸ்ரீரங்கத்துக்குள் நுழைய முடியாமல் இக்கரையில் நின்று பாடினார். கோயிலுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொன்னார். பாட்டில் கிடந்தவருக்குக் கேட்கவில்லை. கல் வந்து விழுந்தது, ரத்தம் வந்தது. பிறகு அதே லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து அரங்கன் முன்னால் இறக்கினார். பாணர் பத்துப் பாசுரம் பாடி அங்கேயே கலந்து மறைந்தார் என்கிறது வைணவக் கதை. அவர்தான் திருப்பாணாழ்வார்.

பக்தியோடு கேட்கிறவர்கள் கேட்கட்டும். நான் கேட்பது வேறு. தோளில் ஏறினவர் ஏன் வீடு திரும்பவில்லை? தெருவிலிருந்து இன்னொருவர் தன் காலால் நடந்து உள்ளே போனதாக ஏன் கதை இல்லை? ஒருவரைத் தூக்கினார்கள், தெரு வெளியிலேயே நின்றது. தெருவுக்கு வாசல் திறக்க 1947ஆம் வருசச் சட்டம் வரவேண்டியிருந்தது.

என் சித்தப்பாவுக்கு ஒரு விழாவில் சால்வை போட்டார்கள். யார் போட்டது என்பது இங்கே வேண்டாம். மறுநாள் விடிகாலை ஊருக்குள் ஒரு சாவு. ஆள் வந்து நின்று, “சால்வைய மடிச்சு வச்சிட்டு மோளத்த எடுத்துட்டு வாடா” என்றான். சித்தப்பாவுக்கு அப்போது அறுபது வயது. எதுவும் பேசவில்லை. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டு போனார். எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்த விடிகாலைதான் ஞாபகம் வருகிறது.

1990களில் நமக்குள்ளேயே இரண்டு குரல் இருந்தது. சாவுக்கு அடிக்கமாட்டோம், பறையைக் கொளுத்து என்றது ஒன்று. பறை நம் ஆயுதம், மேடையேற்று என்றது இன்னொன்று. இரண்டும் ஒரே காயத்திலிருந்து வந்தவைதான். கே.ஏ. குணசேகரன் மேடையேற்றினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை எடுத்தார்கள். 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் பாடியது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. கண் கலங்கிவிட்டது எனக்கு, மறைக்கவில்லை. ஆனால் 2021இல், ‘எஞ்சாயி எஞ்சாமி’யை எழுதிப் பாடிய அறிவின் முகம் இல்லாமல் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டை வந்ததையும் பார்த்தோமே! கேள்வி எழுந்த பிறகுதான் அவருக்குத் தனி அட்டை.

ஆக, விருது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசித்தவனிடம் பட்டினியின் பெருமையைப் பேசுவது அயோக்கியத்தனம். மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாங்குவோம். பிரிவுக்குப் பெயர் வைத்தது யார்? தேர்வுக் குழுவில் பறையடித்த கை ஒன்றாவது உண்டா? விருது வாங்கினவரை நாளை எழவு வீட்டுக்கு ‘வாடா’ என்று கூப்பிட்டால், விருது கொடுத்தவர்கள் கூட வந்து நிற்பார்களா?

அந்தப் பிள்ளைகளிடம், “‘இசை’ன்னே எழுதுங்க. தள்ளுனா, ஏன் தள்ளுனீங்கன்னு எழுத்துல கேளுங்க. பதில் வந்தா இந்தப் பக்கத்துலயே அச்சடிக்கிறேன்” என்றேன்.

“ஒரு வருசம் போயிருமே தோழர்” என்றான் அந்தப் பையன். அதுவும் உண்மைதான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பெண் பேனாவை வாங்கி, கட்டத்துக்குள் ‘இசை’ என்று எழுதினாள். பக்கத்தில் இடம் இருந்தது. ‘பறை’ என்றும் எழுதினாள்.

நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்? கடிதம் போடுங்கள், பேசுவோம்.

தோழமையுடன்,
ஆசிரியர்