சுரண்டுற கான்ட்ராக்டர்தான் நல்ல கான்ட்ராக்டர்

தலைப்பைப் பார்த்துவிட்டு அரசியல் பதிவு என்று ஓடி வந்தவர்கள் மன்னிக்கவும். இது கதவு, ஜன்னல், வாசக்கால் பற்றிய பதிவு :-)

நெய்வேலிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் குடியிருந்தவர்களில் பலர், அத்தனை வருஷத்தில் பெயின்டர் ஒருவரிடம் ரேட் பேசியிருக்கவே மாட்டார்கள். வீட்டுப் பராமரிப்பு நிர்வாகத்தின் தலைவலி. ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, மந்தாரக்குப்பத்திலோ வடக்குத்திலோ சொந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் முதல்முறையாக ஒரு கான்ட்ராக்டர் எதிரில் உட்கார்ந்து, "ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்டுங்க?" என்று கேட்கிறார்கள். கேள்வியே தப்பு என்பதுதான் என் கட்சி.

பொதுவாக என்ன செய்கிறோம்? மூன்று பேரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டுகிறோம். மூன்று ரேட் வருகிறது. குறைந்த ரேட்டை எடுத்து, அதிலும் கொஞ்சம் அடித்துப் பேசி, "பேசி முடிச்சுட்டேன்ல" என்று வீட்டம்மாவிடம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்கிறோம்.

ஒரு நிமிஷம் யோசியுங்கள். பெயின்ட் டின் விலை மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் கூலியும் ஊருக்குள் பெரிதாக மாறாது. அப்புறம் வித்தியாசம் எங்கேயிருந்து வருது? நாட்களில் இருந்து. ஒருவர் சுரண்டி, தேய்த்து, காயவிட்டு ஆறு நாளில் முடிக்கிற வேலையை இன்னொருவர் இரண்டு நாளில் முடிக்கிறார். கடைசி நாள் பார்த்தால் இரண்டு கதவும் ஒரே மாதிரி பளபள. அடுத்த ஐப்பசி மழையில்தான் தெரியும் யார் எதை விழுங்கினார் என்று.

சிமென்ட் சுவர் மாதிரி இல்லை மரம். ஈரம் குடித்தால் உப்பும், வெயிலில் சுருங்கும். கதவின் அடி விளிம்பு, ஜன்னல் சட்டத்தின் மூட்டு, வாசக்கால் தரையைத் தொடும் இடம், இங்கெல்லாம் மரத்தின் வெட்டுவாய் திறந்திருக்கும். தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். உள்ளே போனது வெளியே வரப் பார்க்கும்போது பெயின்ட் கொப்பளிக்கும். இன்னொன்று, புதுப் பெயின்ட் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அடியில் இருக்கிற பழைய பெயின்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பழையது பேந்து வந்தால் புதுசும் கூடவே கிளம்பிடும். எவ்வளவு விலை உயர்ந்த டின் வாங்கினாலும் கதை இதுதான்.

நம்ம ஊருக்கு இதோடு சாம்பலும் தூசியும் இலவச இணைப்பு. அனல்மின் நிலையத்துப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு, காலையில் துடைத்த ஜன்னல் கட்டையை சாயங்காலம் விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். ஈரத்துணியால் துடைக்காமல் அதன் மேலேயே பிரஷ் ஓட்டினால், பெயின்ட் மரத்தில் இல்லை, தூசியில் ஒட்டுகிறது.

ஆகவே ஒழுங்கான வேலை என்பது இப்படி: பேந்து நிற்கிற பழைய பெயின்ட்டைச் சுரண்டணும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். துடைக்கணும். பிரைமர் ஒரு கோட், கதவின் அடிவிளிம்பையும் விடாமல். பிறகு பட்டி பார்த்து, மறுபடி மெல்லிய உப்புத்தாள். அதற்கப்புறம்தான் எனாமல், இரண்டு கோட், நடுவில் டின்னில் போட்டிருக்கிற நேரம் காயவிட்டு. எண்ணிப் பார்த்தால் கலர் அடிப்பது கடைசியில் வருகிற சின்ன வேலை. ஆனால் நாம் பேரம் பேசுவது கலரைப் பற்றி மட்டுமே!

அடுத்து நேரம். பொங்கலுக்கு முன்னால் அடிச்சாகணும் என்று ஊரே மார்கழியில் கிளம்புகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை மரத்தை ஊற வைத்திருக்கும். மேலே மார்கழிப் பனி வேறு. வருஷத்திலேயே மரம் ஈரமாக இருக்கிற சமயமும், பெயின்டர் கிடைக்காத சமயமும், ரேட் எகிறுகிற சமயமும் ஒன்றாக அமைவது அப்போதுதான். சுவருக்கு வேண்டுமானால் போகிக்கு முன் வெள்ளையடித்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்க மரவேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளினால் மரமும் காய்ந்திருக்கும், ஆளும் நிதானமாக வேலை செய்வார். பொங்கலுக்குக் கதவு பழசாக இருந்தால் சூரிய பகவான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது கான்ட்ராக்டர் பக்கமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். "ஏழடிக்கு மூணடி கதவு, 21 சதுர அடிதானே, அவன் 27 போடறான், ஏமாத்தறான்" என்று ஒருவர் என்னிடம் புலம்பினார். அது ஏமாற்றில்லை சாமி. மத்திய பொதுப்பணித்துறை அளவுமுறையிலேயே பலகை வைத்த கதவுக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் 1.30 மடங்கு போடுகிறார்கள். பள்ளம், மேடு, விளிம்பு எல்லாவற்றிலும் பிரஷ் போக வேண்டுமே. 21 × 1.30 = 27.3. வழவழ ஃப்ளஷ் கதவுக்கு 1.20. முழுக்கக் கண்ணாடி போட்ட ஜன்னலுக்கு 0.80. பட்டை பட்டையாகச் சாய்ந்த லூவர் கதவுக்கு 1.80. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் சண்டைக்கே இடமில்லை.

ஆனால் டின்னுக்குள் இருந்த டோக்கன் கதை வேறு. பெயின்டரைக் கவர கம்பெனிகள் டின்னுக்குள் டோக்கன் போட்ட காலம் உண்டு. பிறகு அது செல்போனில் ஸ்கேன் பண்ணிப் புள்ளிகள் சேர்க்கிற முறைக்கு வந்தது. உங்கள் வாசக்காலுக்கு எது நல்லது என்பதற்கும், பெயின்டர் சிபாரிசு செய்கிற பிராண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு சமாச்சாரம் இருக்கலாம். அவரைத் திட்ட வேண்டாம், கூலி குறைவாகக் கொடுக்கிற ஊரில் அது அவருக்கு வருமானம். பிராண்ட், ரகம், ஷேட் நம்பர் மூன்றையும் நாம் முடிவு செய்துவிட்டால் போதும்.

இனி கொஞ்சம் சீரியஸ். சுரண்டு சுரண்டு என்கிறேனே, பழைய எனாமலை எப்படிச் சுரண்டுவது என்பதும் முக்கியம். அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம். பளிச் மஞ்சள், சிவப்பு போன்ற நிறங்களில் கூடுதலாகவே. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 1978-லேயே தடை செய்துவிட்டார்கள். அங்கே பலகை வேய்ந்த மரவீடுகள் அதிகம். 1978-க்கு முன் கட்டிய வீட்டில் பழைய பெயின்ட்டைக் கிளறுகிற கான்ட்ராக்டர் அதற்கென்று பயிற்சியும் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆக்கினார்கள். நல்லது. ஆனால் உங்கள் கதவின் அடியில் இருக்கிற பழைய கோட்டுகளுக்கு அந்த விதி தெரியாதே!

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலில் பாதிப்பது சின்னக் குழந்தைகளின் மூளையை. வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி தாழ்வாரத்தில் படியும், தவழ்கிற குழந்தை கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். எனவே தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரில் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே தார்ப்பாய் விரிக்கணும். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்கணும். தேய்த்த மரம் நன்றாகக் காய்ந்த பிறகே பிரைமர். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கிற சமயம் இந்த வேலையே வேண்டாம்.

பேரப்பிள்ளைக்கே இவ்வளவு என்றால் தினமும் அதே தூசியில் நிற்கிற பெயின்டருக்கு? முகத்தில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் அவருடைய பாதுகாப்பு. ப்ளான்ட்டில் உயரத்தில் வேலை என்றால் பெர்மிட் எங்கே, பெல்ட் எங்கே என்று கேட்டுப் பழகியவர்கள், வீட்டில் ஒருவர் சன்ஷேடு மேல் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கிறோம். நல்ல மாஸ்க்கும், ஆடாத ஏணியும், தேவைப்பட்டால் சாரமும் கான்ட்ராக்ட் தொகைக்குள் இருக்கட்டும். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. பெயின்டர்களும் அதில் சேரலாம். "வாரியத்துல பதிஞ்சிருக்கீங்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

"இவ்வளவும் கேட்டா எந்த கான்ட்ராக்டர் வருவார்?" என்பீர்கள். வருவார், அந்த நாட்களுக்கும் கூலி கொடுத்தால். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தெந்தக் கதவு ஜன்னல், எத்தனை கோட், எந்த பிரைமர், எத்தனை நாள். பணத்தை நாலாகப் பிரியுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம், சுரண்டித் தேய்த்து முடித்ததை நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு, பிரைமர் முடிந்ததும் ஒரு பங்கு, மீதி கடைசியில். முக்கியமான விஷயம், இரண்டாவது பங்கு. வெறும் மரத்தை நீங்கள் கண்ணால் பார்க்கிற நாள் அது ஒன்றுதான். அட்வான்ஸாகப் பாதித் தொகையைக் கொடுத்தால், அது உங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்கிற இன்னொரு வீட்டின் கூலிப் பாக்கிக்குப் போகவும் வாய்ப்புண்டு. ஆள் காணாமல் போவதற்குக் காரணம் பல நேரம் அதுதான்.

பெயின்டர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் காசு தரமாட்டேன் என்று நாமே சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத வேலையை ஏன் செய்யவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? ரேட்டை அடிச்சுப் பேசுறதை விட்டுட்டு, சுரண்டலைப் பேசுங்க.

உங்க ஊர்ல எப்படி? மர வேலைக்குக் கூலி தனி, பெயின்ட் தனின்னு விடறீங்களா, மொத்தமா கான்ட்ராக்டா? சொல்லிட்டுப் போங்க.