கொதிக்கவைக்கும் செலவைப் பங்கிட்டுக்கொள்வோம்

வெண்பன்றிப் பண்ணைச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் விலை ஏறினால் சிறு பண்ணையாளர்கள் மாற்றுத் தீவனம் தேடுகிறார்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் சவ்வரிசி ஆலைத் திப்பி கிடைக்கிறது. ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. பிண்ணாக்கு சேர்க்காமல் குட்டி தேறாது. அதனால் விடுதிகளிலும் உணவகங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சும் உணவே பலருக்குக் கைகொடுக்கிறது.

இதில் மூன்று தரப்புக்கு ஆதாயம் உண்டு. உணவகத்துக்குக் கழிவு தீர்கிறது. நகராட்சிக்குக் குப்பைக் கிடங்கின் சுமை குறைகிறது. பண்ணையாளருக்குத் தீவனச் செலவு மிச்சமாகிறது. ஆனால் அந்த உணவைக் கொதிக்கவைத்துப் பாதுகாப்பாக்கும் செலவு மட்டும் பண்ணையாளர் தலையில் விழுகிறது. இது நியாயமும் அல்ல, நமக்கு நல்லதும் அல்ல.

மிச்ச உணவு பார்வைக்குத்தான் மலிவு. அதில் முக்கால் பங்கு தண்ணீர் என்றால், ஒரு கிலோ மக்காச்சோளத்தில் உள்ள உலர்பொருளைப் பெற ஏறத்தாழ மூன்றரை கிலோ வேண்டும். வண்டி வாடகை, விறகு, கூலி எல்லாம் அதன்மேல் ஏறும். சத்தும் நாளுக்கு நாள் மாறும். பன்றி விற்பனை எடைக்கு வரச் சில வாரம் கூடுதலாகப் பிடித்தால், மிச்சம் பிடித்த பணம் அதிலேயே கரைந்துவிடும். இவ்வளவு நெருக்கடியில் இருப்பவர் முதலில் குறைப்பது விறகைத்தான்.

அந்தச் சிக்கனத்தின் விலையை ஊரே கொடுக்க நேரும். 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரிக்கு, முறையாகச் சூடாக்காத மிச்ச உணவைப் போட்ட ஒரு பன்றிப் பண்ணையே தொடக்கம் என்று கண்டறியப்பட்டது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அந்நாடு அத்தீவனத்தையே தடைசெய்தது. இந்தியாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது; 2023இல் முதுமலைக் காட்டுப்பன்றிகளையும் எட்டியது. மிச்ச உணவில் கிடக்கும் பன்றி இறைச்சி வழியாகவும் பரவும் இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றிக்கு மருந்தில்லை. ஓரிடத்தில் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பன்றிகள் அனைத்தும் அழிக்கப்படும். தவறே செய்யாத பக்கத்துப் பண்ணைக்காரரும் அதில் முதலிழப்பார்.

அப்படியானால் தடை போதுமா? போதாது. தடை வந்தாலும் தீவன விலை இறங்காது. மிச்ச உணவு வாளிகள் இரவில் பயணப்படும். ஜப்பான் வேறு வழியில் போனது: 2001இல் நடைமுறைக்கு வந்த உணவு மறுசுழற்சிச் சட்டத்தின் துணையோடு, மிச்ச உணவைப் பதப்படுத்தித் தீவனமாக்கும் தொழிலையே வளர்த்தது. நாமும் நம் அளவுக்கு அதைச் செய்யலாம்.

குப்பை உண்டாக்குவோர் எல்லோரும் அதைத் தரம் பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே கூறின. உணவகங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பன்றி இறைச்சித் துண்டுகளையும் பிளாஸ்டிக்கையும் பல்குத்தும் குச்சியையும் தனியே ஒதுக்க வேண்டும். நகராட்சிகள் பொதுக் கொதிகலன் கூடம் அமைத்து, அரை மணி நேரம் கொதித்த உணவையே வெளியே விட வேண்டும். அதன் எரிபொருள் செலவில் உணவகங்களும் பங்கேற்பதே முறை. கால்நடை மருத்துவர்கள் எதை எவ்வளவு கலப்பது என்று வழிகாட்டட்டும். பண்ணையாளர்கள் கொதிக்காத உணவைக் கூட்டாக மறுக்கட்டும். மண்டபத்தில் கை கழுவப் போகும் நாமும் டிஷ்யூவை இலையில் போடாமல் இருக்கலாம்.

மிச்ச உணவை அள்ளிச்செல்ல இனி எழுதப்படும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கொதிக்கவைக்கும் செலவை யார் யார் எவ்வளவு ஏற்பது என்ற ஒரு வரி இடம்பெறட்டும். அந்த வரியை நம் நகர்மன்ற உறுப்பினர்களிடம் கேட்டுப் பெறுவோம்.