28 வருஷம் தூங்கிய இசைத்தட்டு! பாட்டு யாருக்குச் சொந்தம்? டி.ஜே. வாலிபர்கள் கவனிக்க!

சென்னிமலை,

கல்யாணம், சீர், காதுகுத்து. எதுவானாலும் மண்டபம் பேசி முடித்ததும் அடுத்த கேள்வி, "டி.ஜே. உண்டுங்களா?" என்பதுதான். சென்னிமலை, பெருந்துறை, ஈரோடு வட்டாரத்தில் பெட்டி, லைட்டு, லேப்டாப் சகிதம் இந்தத் தொழிலில் இறங்கிவிட்ட வாலிபர்கள் ஏராளம். தறிக்கும் போகமாட்டேன், பனியன் கம்பெனிக்கும் போகமாட்டேன், டி.ஜே.தான் ஆவேன் என்று வீட்டில் மல்லுக்கு நிற்கிற பையன்களும் உண்டு.

ஆகட்டும், தப்பில்லை. ஆனால் இந்தத் தொழிலில் காசும் பேரும் கடைசியில் யார் கைக்குப் போகிறது? அதைத் தெரிந்துகொள்ள பம்பாய் வாத்தியக்காரர் ஒருவரின் கதையைப் பார்க்கவேண்டும். அவர் பெயர் சரண்ஜித் சிங்.

கூலிக்கு வாசித்தவர்

இந்திப்பட உலகில் சரண்ஜித் சிங் பெரிய கை. கிதார் வாசிப்பார், பேஸ் கிதார் வாசிப்பார், எலெக்ட்ரானிக் கீபோர்டும் வாசிப்பார். எஸ்.டி.பர்மன், ஆர்.டி.பர்மன், சங்கர்-ஜெய்கிஷன் என்று ஜாம்பவான்கள் எல்லோரும் கூப்பிட்டனுப்பிய ஆள்.

1971-ல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தின் 'தம் மாரோ தம்' பாட்டை அந்தக் காலத்து ஆட்களுக்கு மறக்கவே மறக்காது. அதில் ரீங்காரமாக வரும் டிரான்சிகார்டு வாத்தியம் இவர் வாசித்ததுதான். பாட்டு நாடு பூராவும் ஓடியது. இசையமைப்பாளர் பேர் தெரியும், பாடினவர் பேர் தெரியும், ஆடின நடிகை பேரும் தெரியும். வாசித்தவர் பேர் யாருக்குத் தெரியும்? அன்றைய கூலி அன்றைக்கு, அத்தோடு சரி.

நம்மூர் பெட்ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் முத்திரை இருக்கும். நெய்த கை யாருடையது என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா? கிட்டத்தட்ட அதே கதைதான்.

மூன்று பெட்டிகள்

1982. எங்கே பார்த்தாலும் டிஸ்கோ பைத்தியம். மிதுன் சக்கரவர்த்தியின் 'டிஸ்கோ டான்சர்' வந்த வருஷம். சரண்ஜித் சிங்குக்கு ஒரு யோசனை தட்டியது. டிஸ்கோ தாளத்தை வைத்துக்கொள்வது, தபலாவைத் தூக்கிவிடுவது, மேலே ராகத்தை வாசிப்பது!

அவரிடம் ஜப்பான் ரோலண்ட் கம்பெனியின் மூன்று பெட்டிகள் இருந்தன. 'டி.ஆர்.808' தாளம் போடும். 'டி.பி.303' பேஸ் வாசிக்கும். 'ஜூபிடர்-8' என்ற சிந்தசைசரில் ராகம்.

இதில் 303 என்பது பார்க்க சாதாரண பிளாஸ்டிக் பெட்டி. தனியாகப் பழகும் கிதார்காரனுக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று செய்தது. ஸ்வரங்களை முன்கூட்டியே பதிந்துவிட்டால் திரும்பத் திரும்ப அதையே வாசிக்கும். ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிற வசதியும் உண்டு. வீணைக்காரர் நரம்பை இழுத்து வாசிக்கிறாரே, ஏறக்குறைய அந்த மாதிரி. திருகாணியைத் திருகினால் மொத்தையான சத்தம் கீச்சென்று கிளம்பும். கிதார்காரர்கள் இதைச் சீந்தவே இல்லை. 1984-ல் ரோலண்ட் கம்பெனி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ராகம் தெரிந்த சரண்ஜித் சிங்குக்கு மட்டும் அந்த வழுக்கல் பிடித்துப்போனது.

பூபாலி, மால்கௌன்ஸ், யமன் என்று பத்து ராகம். நம்ம கச்சேரி பாஷையில் மோகனம், இந்தோளம், கல்யாணி. பாடுகிறவர் கிடையாது. 'டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்' என்கிற அர்த்தத்தில் தலைப்பு வைத்து எச்.எம்.வி. முத்திரையோடு தட்டு வெளிவந்தது.

விற்றதா? இல்லை. பாட்டும் இல்லாமல், நடிகர் படமும் இல்லாமல் மெஷின் வாசிக்கிற ராகத்தை அன்றைக்கு யார் வாங்குவார்கள்? சரண்ஜித் சிங் பழையபடி கச்சேரி, கல்யாணம் என்று வாசிக்கப் போய்விட்டார்.

அடித்தது யோகம்!

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். கார் தொழிற்சாலை ஊரான டெட்ராய்டில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்று மூன்று வாலிபர்கள் 'டெக்னோ' என்ற மெஷின் இசையைக் கிளப்பினார்கள். ஒரே சீராகத் தாளம் இடித்துக்கொண்டே இருக்கும். (விசைத்தறிச் சத்தத்தில் தொட்டில் ஆடிய நம்ம பிள்ளைகளுக்கு இது என்ன புதுசு!)

பக்கத்தில் சிகாகோவில் 'ஃபியூச்சர்' என்ற குழுவினர், யாரும் சீந்தாத அதே 303 பெட்டியைப் பிடித்துத் திருகி 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டைப் போட்டார்கள். 'ஆசிட் ஹவுஸ்' என்று அந்த இசைக்குப் பேர் வந்தது. ஐரோப்பாவே ஆடியது.

2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர், டெல்லியில் பழைய தட்டு தேடும்போது சரண்ஜித் சிங்கின் தட்டு அகப்பட்டது. வாங்கிப் போட்டுக் கேட்டவர் அசந்துபோனார். சிகாகோ தட்டுக்கு ஐந்து வருஷம் முந்தி அதே சத்தம்! பம்பாயில் சரண்ஜித் சிங்கையும் தேடிப் பிடித்தார். 2010-ல் 'பாம்பே கனெக்ஷன்' என்ற தன் கம்பெனி மூலம் தட்டை மறுபடி வெளியிட்டார். நம்பாத ஆட்கள், யாரோ வெள்ளைக்கார டி.ஜே. செய்த பித்தலாட்டம் என்றுகூடச் சொன்னார்கள்.

அப்புறம் 70 வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங்கை ஐரோப்பிய மேடைகள் கூப்பிட்டன. பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் ஆட, அவர் வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். கைத்தட்டல் கேட்டது கடைசி மூன்று, நான்கு வருஷம்தான்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஆயிரம் பாட்டுக்குக் கூலி வாங்கி வாசித்தார். ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனது அவர் பேர் போட்ட அந்த ஒரு தட்டு.

கோவைக்காரர் போட்ட கணக்கு

நம்ம கோவைக்காரர் 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி வேறு கணக்குப் போட்டார். அவருடையது டெக்னோ இல்லை, ராப். 2011-ல் 'கிளப்புல மப்புல' பாட்டு இண்டர்நெட்டில் பரவியது. 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம், 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு இசை, 2017-ல் 'மீசைய முறுக்கு' படத்தை அவரே இயக்கி நடித்தார். முதலில் தன் பேரில் பாட்டு, அப்புறம்தான் சினிமா. 2023-ல் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஆராய்ச்சி எதைப்பற்றி? இசையை வைத்துத் தொழில் செய்வது பற்றி! பையன் விவரமானவர்தான்.

காசு கேட்டு வந்தால்?

அடுத்தவர் பாட்டைப் போடுகிற டி.ஜே.க்களுக்கு ஒரு தகவல். கல்யாண வீட்டில் பாட்டுப் போட ராயல்டி கட்டு என்று யாராவது வந்தால் பயப்படவேண்டாம். காப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவில் கல்யாணத்துக்கும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும், அதை ஒட்டிய விசேஷங்களுக்கும் விலக்கு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசே இதை நினைவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. ஓட்டல் பார்ட்டி, டிக்கெட் போட்ட ஆட்டம் என்றால் சங்கதி வேறு. அதற்கு லைசென்ஸ் வேண்டும். ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் பெட்டியை அலறவிட்டால் எந்தப் பிரிவும் காப்பாற்றாது. போலீஸ் வரும்.

சொந்தமாக டிராக் போடுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்கவேண்டும். சட்டப்படி ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரர், பொறுப்பெடுத்துப் பதிவு செய்த தயாரிப்பாளர். அந்த உரிமை வெளியான வருஷம் கழித்து 60 வருஷம் ஓடும். 2012-ல் சட்டத்தைத் திருத்தி, வாசித்தவருக்கும் வியாபார வருமானத்தில் ராயல்டி உண்டு என்று சேர்த்தார்கள். சரண்ஜித் சிங் காலத்தில் அதுவும் இல்லை.

பத்தாயிரமோ இருபதாயிரமோ கையில் திணித்துவிட்டு எழுதிக்கொடுத்த தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். வாங்கிப் படியுங்கள். புரியாவிட்டால் வக்கீலிடம் காட்டுங்கள். பாட்டை டெல்லியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். கட்டாயம் இல்லை, ஆனால் தகராறு வந்தால் சாட்சி. இசைக்குக் கட்டணம் 500 ரூபாய். ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். ஆட்சேபம் யாராவது சொல்கிறார்களா என்று 30 நாள் பார்ப்பார்கள். அதன் பிறகே பரிசீலனை.