பனிமூட்டத்துக்குள் காயும் தோல்

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் காய்கறிக் கடைகள் பக்கம் நின்றால் தமிழும் மலையாளமும் இந்தியும் வங்காளமும் கலந்து காதில் விழும். முருங்கைக்காய், சேனைக்கிழங்கு, வாழையிலை என்று ஊர் வாசனை தேடுகிறவர்கள் ஆர்.கே. புரத்திலிருந்தும் லட்சுமிபாய் நகரிலிருந்தும் பையோடு வந்து சேரும் இடம் இது. என் பக்கத்தில் நின்ற ஓர் அக்கா, கறிவேப்பிலைக் கட்டை வாங்க நீட்டிய தன் கையைப் பார்த்துத் தானே சலித்துக்கொண்டார். முழங்கை வரை சாம்பல் பூத்திருந்தது. நகம் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு.

"நம்ம உடம்புக்கு இந்த ஊர்க் குளிர் ஆகாது தம்பி. இருபது வருஷமாச்சு, இன்னும் பழகல. தண்ணி நிறையக் குடின்னாங்க, குடிக்கிறேன். எண்ணெயும் தேய்க்கிறேன். ஒண்ணும் கேக்கல."

டெல்லித் தமிழர் வீடுகளில் தைப் பொங்கல் வரை தினமும் கேட்கும் பேச்சு இது. தென்னாட்டு உடம்பு, குளிர், தண்ணீர் குடிக்காதது, எண்ணெய் போதாதது, காலில் வெடித்தால் பித்தம். அவர் படும் எரிச்சலும் அரிப்பும் உண்மை. ஆனால் சொல்லப்படும் காரணங்கள் ஒன்றுகூட சரியான இடத்தைக் காட்டவில்லை. அதனால்தான் இருபது வருஷ வைத்தியம் பலிக்கவில்லை என்பது என் வாதம்.

முதலில் தென்னாட்டு உடம்பு. அப்படியொரு தனித் தோல் நமக்கு இருந்தால், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பஞ்சாபிக் குடும்பங்களுக்குக் குளிர்காலம் தொல்லை தரக் கூடாது. ஆனால் வெடித்த குதிகாலுக்கு இந்தியில் தனிப் பெயர் இருக்கிறது, வறட்சிக்கு 'குஷ்கி' என்று ஒரு சொல் இருக்கிறது, முகத்துக்குப் பாலாடையும் உடம்புக்குக் கடுகெண்ணெயும் கைக்கு கிளிசரினும் பன்னீரும் என்று பாட்டி காலத்து வைத்தியங்கள் வரிசையாக இருக்கின்றன. 1929-ல் கல்கத்தாவில் தொடங்கிய போரோலின் களிம்பு இன்றுவரை வடக்கே வீட்டுக்கு வீடு இருப்பது யாருடைய தோலுக்காக? நோய் இல்லாத ஊரில் இத்தனை மருந்து விற்காது. தோலின் ஈரத்தைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தைத் தரும் மரபணுவில் சிலருக்குப் பிறவியிலேயே குறை உண்டு. அவர்களுக்கு வறட்சி அதிகம். அது ஆளுக்கு ஆள் மாறுவது, விந்திய மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிவதில்லை. எதிர்த்திசையிலும் பாருங்கள். சென்னையில் நாள் முழுக்க ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு மே மாதத்திலேயே கை வெளுத்து உதடு உரிகிறது.

அடுத்தது குளிர். குளிர்தான் தோலைக் கிழிக்கிறது என்றால் விமானத்தில் ஏன் உதடு காய்கிறது? உள்ளே வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நீண்ட பயணத்தில் அந்தக் காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். தோலிலிருந்து நீரை இழுப்பது வறண்ட காற்று. குளிர் அந்தக் காற்றை வறளச் செய்கிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். படித்தவர்களும் கேட்பது, நியாயமான கேள்வியும்கூட. டெல்லி ஜனவரியில் காலையில் எதிரே வரும் ஆள் தெரியாத பனிமூட்டம். மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் சப்தர்ஜங் வானிலை நிலையம். 'டெல்லியில் இன்று இத்தனை டிகிரி' என்று செய்தியில் வரும் எண் அங்கே அளக்கப்படுவது. பனிமூட்ட நாட்களில் அங்கே ஈரப்பதம் 100 சதவீதத்தை ஒட்டி நிற்கும். காற்று முழுக்க நீராக இருக்கும்போது அது எப்படி வறண்ட காற்றாகும்?

அந்தச் சதவீதம்தான் நம்மை ஏமாற்றுகிறது. அது, அந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்று சொல்லும் கணக்கு. 7 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்குவது 8 கிராமுக்கும் சற்றுக் குறைவான நீராவி. குவளை நிரம்பியிருக்கிறது, ஆனால் குவளையே சின்னது. சென்னைக் கடற்கரையில் அதே ஜனவரியில், 25 டிகிரியில் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கன மீட்டருக்கு 17 கிராம் வரும். பனியே இல்லாத, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் சென்னைக் காற்றில் டெல்லி மூட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீராவி இருக்கிறது.

இனி அந்த டெல்லிக் காற்று ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. ஹீட்டர் போட்டு அறையை 25 டிகிரிக்குக் கொண்டுவருகிறோம். நீர் அதே 8 கிராம், குவளை மட்டும் மூன்று மடங்கு பெரிதாகிவிட்டது. ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்காகச் சரிகிறது. ஹீட்டரே வேண்டாம் என்று வெளியில் நின்றாலும் தப்ப முடியாது. தோலின் மேற்பரப்பு 30 டிகிரிக்கு அருகே இருக்கிறது. அதைத் தொட்டவுடன் காற்று சூடாகிறது, தொட்ட இடத்தில் ஈரப்பதம் கால் பங்குக்கு விழுகிறது. பனிமூட்டத்துக்குள் நடந்தபடியே தோல் காய்வது இப்படித்தான். அந்த அக்காவிடம் இதை நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. நம்புவது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண் முன்னால் வெண்மையாக நீர் மிதக்கிறது.

அப்படியானால் மே மாதத்து 'லூ' காற்று? அதுவும் வறண்டதுதானே? 40 டிகிரியில் 20 சதவீதம் என்றாலும் கன மீட்டருக்கு 10 கிராம் ஆகிறது, ஜனவரி மூட்டத்தைவிட அதிகம். அதோடு கோடையில் வியர்வை தோலை நனைத்துக்கொண்டே இருக்கிறது, தோலின் இயற்கை எண்ணெய் இளகிப் பரவுகிறது. குளிருக்கும் தன் பங்கு உண்டு, அதை மறைக்க நான் முயலவில்லை. மேல்தோலின் கொழுப்பில் முக்கியமானவை செராமைடுகள். குளிர்காலத்தில் அவை குறைவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். நீரை உள்ளே காக்கும் அந்தக் கொழுப்புச் சுவர் மெலியும் பருவத்திலேயே காற்றும் உறிஞ்சுகிறது.

தண்ணீர் குடிக்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோலின் வெளியடுக்கு மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாத இடங்கள் உண்டு. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. கீழுள்ள உயிருள்ள அடுக்குகளில் சுமார் 70 சதவீதம் நீர். அங்கிருந்து மெல்லக் கசிந்து மேலே வருவதுதான் அதன் நீர், வந்த வேகத்தில் காற்றுக்குப் போய்விடுகிறது. கிணறு நிறைய நீர் இருக்கிறது, மேல்மண்தான் காய்கிறது. குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீரே குடிக்காதவர் குடிக்கத்தான் வேண்டும், அது சிறுநீரகத்துக்கு நல்லது. போதுமான அளவு குடிப்பவர் இன்னும் நான்கு சொம்பு குடித்தால் அது கழிவறைக்குப் போகும், முழங்கைக்குப் போகாது.

எண்ணெய் விஷயத்தில் நம் பழக்கம் பாதி சரி. அந்த மீதிப் பாதியில்தான் எல்லாம் கெடுகிறது.

1952-ல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு எளிய சோதனை செய்தார். காய்ந்து கெட்டியான மனிதக் காய்ப்புத் தோல் துண்டுகளை எடுத்து எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் ஊறவைத்தார். எத்தனை ஊறியும் அவை மொரமொரப்பாகவே இருந்தன, வளைத்தால் உடைந்தன. தண்ணீரில் போட்டதும் இளகின. தோலை மென்மையாக்குவது நீர். எண்ணெய் அந்த நீர் போகாமல் மூடி வைப்பது. மேல்தோலின் நீர் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அது வளையும் தன்மையை இழக்கிறது. நாம் விரலை மடக்குகிறோம், சிரிக்கிறோம், அது வெடிக்கிறது. வாசலில் காய்ந்த தோலின்மேல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்காரும் வழக்கம் இதமானதுதான். ஆனால் மூடி வைக்க உள்ளே எதுவும் இல்லாதபோது மூடி என்ன செய்யும்? குளித்துத் துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, குளியலறையை விட்டு வெளியே வருவதற்குள் தடவ வேண்டும். தடவும் பொருளைவிடத் தடவும் நேரம் முக்கியம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம், அவ்வளவு எளிதாக நாம் தவறவிடுவது இது.

எந்த எண்ணெய் என்ற சண்டையும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஐ.என்.ஏ. கடைகளில் டிசம்பரில் வாங்கினால் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும். அது கெட்டுப்போனதல்ல. உறைந்தது தோலில் இறங்காது என்று ஒதுக்குகிறவர்களுக்கு, உள்ளங்கைச் சூடே அதை இளக்கிவிடும் என்று சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸில் வறண்ட தோலுள்ள 34 பேரிடம் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டு 2004-ல் வெளியான ஆய்வில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. இந்த ஊருக்கு வந்தால் கடுகெண்ணெய்க்கு மாற வேண்டும், அதுதான் சூடு என்பார்கள். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், சேதமான எலித் தோல் சீராவதைக் கடுகெண்ணெய் தாமதப்படுத்தியது, சூரியகாந்தி எண்ணெய் விரைவுபடுத்தியது. எலித் தோல் மனிதத் தோல் அல்ல என்பது சரிதான். ஆனாலும் பிறந்த குழந்தையின் மேல் கடுகெண்ணெயை அழுத்தித் தேய்ப்பதற்கு முன்னால் ஒருமுறை யோசிக்க அது போதும். வெடித்துவிட்ட இடத்துக்கு எந்தச் சமையல் எண்ணெயையும்விட வேஸ்லின் மேலான மூடி.

வெந்நீர். கீசரைத் திருகி, அல்லது வாளியில் ராடு போட்டு, ஆவி பறக்கப் பறக்க ஊற்றிக்கொண்டால் உடம்பு தெளியும் என்பது இந்த ஊரின் பெரிய ஆறுதல். அதைப் பறிக்க எனக்கும் மனமில்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கான பாத்திரத்தை வெந்நீரில் ஏன் கழுவுகிறோம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். அதே வேலைதான் உடம்பிலும் நடக்கிறது. சோப்புக் கட்டியின் காரம் பி.ஹெச். கணக்கில் 9, 10 வரை போகும். தோல் 5-ஐ ஒட்டிய லேசான புளிப்பில் இருக்கிறது, செராமைடுகளை உண்டாக்கும் நொதிகளுக்கு அந்தப் புளிப்பு வேண்டும். இளஞ்சூட்டு நீர், ஐந்து பத்து நிமிடம், அக்குளிலும் இடுப்பிலும் பாதத்திலும் மட்டும் சோப்பு. கைகால் முழுக்க நுரை வேண்டியதில்லை.

கடைசியாகப் பித்தவெடிப்பு. இந்தப் பெயரே நோயை வயிற்றுக்குள் தேட வைக்கிறது. எலுமிச்சம்பழமும் மோரும் குடித்துப் பித்தத்தைத் தணிக்கிறோம், குதிகால் வெடித்தபடியே இருக்கிறது. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. குதிகாலில் தோல் தடிமன். காய்ந்து விறைத்த அந்தத் தடித்த விளிம்பின்மேல் உடம்பின் எடை முழுவதும் இறங்கும்போது அது பக்கவாட்டில் பிதுங்கிப் பிளக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பு போட்டால் இன்னும் எளிதாக. இதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் பயத்தோடு பேசுகிறேன். சர்க்கரை நோய் பல வருஷம் ஆனவர்களுக்குக் கால் நரம்பு கெட்டு, பாதத்தில் வியர்வையும் நின்றுவிடும், வலியும் தெரியாது. அவர்கள் வெடிப்பைப் பித்தம் என்று விட்டுவைத்தால் அது புண்ணாகி எலும்பு வரை போகலாம். நம் வீடுகளில் அறுபது தாண்டியவர்களில் சர்க்கரை இல்லாதவர்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. அவர்கள் பாதத்தை யாராவது ஒருவர் தினமும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அன்று காய்கறி வாங்கியபின் மீன் கடைப் பக்கம் போனேன். பனிக்கட்டிக்குள் கைவிட்டு மீனை எடுத்து வெட்டி, கழுவி, மறுபடியும் பனிக்கட்டிக்குள் கைவிடும் ஒருவரின் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் ரத்தம் தெரியும் வெடிப்புகள். காலையிலிருந்து இரவு வரை நீரில் இருக்கும் கை அது. ஈரம் போதாமல்தான் வெடிக்கிறது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? தோலுக்குள் நீரைப் பிடித்து வைக்கும் பொருள்கள் நீரில் கரைபவை. நாள் முழுக்க நனைந்து உலர்ந்து நனைந்தால் அவை கரைந்து வெளியேறிவிடும், அதன்பின் தோலால் எதையும் பிடித்து வைக்க முடியாது. மீன் வெட்டுபவர், பாத்திரம் தேய்ப்பவர், துணி துவைப்பவர் எல்லாருக்கும் இதுதான் கதை. சப்தர்ஜங் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நாள் கடையை மூடிவிட்டு அங்கே வரிசையில் நிற்க அவரால் முடியாது.

காலையில் வேலை தொடங்கும் முன் கடுகெண்ணெய் தடவுவதாகச் சொன்னார். அது முதல் மீனோடு போய்விடும். இரவு கடை மூடி, இளஞ்சூட்டு நீரில் கழுவி, ஒற்றிவிட்டு, ஈரத்தோடு கெட்டியாக வேஸ்லின் பூசி, பழைய பருத்திச் சாக்ஸ் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னேன். பகலில் ரப்பர் உறை, உள்ளே மெல்லிய பருத்தி உறை. உறை போட்டால் மீன் வழுக்கும், கத்தி பிடிக்க வராது என்றார். இடது கைக்கு மட்டும் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். இடது கை வெடிப்புகள் மூடியிருந்தன. வலது சுட்டுவிரலில் ஒன்று இன்னும் திறந்திருந்தது, அதன்மேல் பிளாஸ்டர் சுற்றியிருந்தார்.