புத்தகத்தில் ஓடும் ஆறு

“நீர் மாசுபாடு என்றால் என்ன?” என்று கேட்டேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்று மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். வரையறை, வகைகள், காரணங்கள், தடுக்கும் வழிகள் என்று ஒன்று விடவில்லை. சபையில் பலத்த கைதட்டல். பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், நம் சமுதாய அறக்கட்டளை நடத்தும் பள்ளியின் ஆண்டு விழா அது. பரிசு வழங்க என்னை அழைத்திருந்தார்கள்.

பரிசைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “உங்கள் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பாயா மகளே?” என்று கேட்டுவிட்டேன்.

“இல்லை ஹஜ்ரத், உப்பு கரிக்கும்.”

“ஏன் உப்பு கரிக்கிறது?”

பிள்ளை ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை தாளாளரைப் பார்த்தார். தாளாளர் தரையைப் பார்த்தார். அவருக்கு டேனரி இருக்கிறது. மேடையில் எனக்கு முன்னால் இருந்ததோ கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர்!

விழா முடிந்து புறப்படும்போது அந்த ஆசிரியை வாசல் வரை வந்தார். “ஹஜ்ரத், பதில் தெரியாமல் இல்லை. நான் பிறந்ததே இந்த ஊரில்தான். ஆனால் அதை வகுப்பில் எப்படி நடத்துவது என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. நடத்தினால் வேலை இருக்குமா என்றும் தெரியவில்லை” என்றார்.

சகோதரர்களே! பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி ஏன் உருப்படவில்லை என்று ஆணையங்கள் ஆராய வேண்டியதில்லை. அந்தச் சகோதரி சொன்னதைக் கேட்டால் போதும்.

பாடம் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் அது ஒழுங்காக நடைபெறவில்லை என்று அதே மேத்தா மறுபடி நீதிமன்றப் படியேறினார். 2003இல், வகுப்புவாரியாக மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்கும்படி தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.க்கு நீதிமன்றம் சொன்னது. 2004இல் அந்தப் பாடத்திட்டம் ஏற்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்போ, தனிப் பாடச் சுமையாக வைக்காமல் அறிவியல், சமூகவியல், மொழி என்று எல்லாப் பாடங்களிலும் இதை ஊடுபாவாக நெய்ய வேண்டும் என்றது. நல்ல யோசனைதான். ஆனால் எல்லோருக்கும் பொதுவான வேலை யாருக்கும் சொந்தமில்லாத வேலையாகிவிட்டது. அறிவியல் ஆசிரியர் சமூகவியல் ஆசிரியரைக் கை காட்டுகிறார். அவர் தலைமையாசிரியரைக் கை காட்டுகிறார்.

2001-02 முதல் தேசியப் பசுமைப் படை என்று பள்ளிகளில் மன்றங்கள் அமைத்தார்கள். ஜூன் 5 வந்தால் ஒரு கன்று நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். மறு வருஷம் அதே குழியில் வேறு கன்று. ஒரே குழியில் மூன்று முறை நட்ட பாக்கியம் எனக்கே உண்டு!

கன்று நடுவதை நான் கேலி செய்யவில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. ஆனால் அந்த மரத்துக்கு ஊற்றும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பதில் நம் பாடப் புத்தகத்தில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அது பாடம். மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும், ஆபத்து வருமுன் காக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. எதை வைத்து? அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தையும் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, செங்கை மாவட்டங்களையும் சேர்த்து 900க்கு மேற்பட்ட டேனரிகளை வைத்து. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்றும், ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அந்தத் தீர்ப்பில் பதிவாகி இருக்கிறது. பிறகு அமைக்கப்பட்ட ஆணையம் வேலூர் மாவட்டத்தில் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 29,000 பேர் என்று கண்டு 2001இல் இழப்பீடு அறிவித்தது. அதோடு முடிந்ததா? 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுக்காகத் தீர்ப்பெழுத வேண்டி வந்தது.

டெல்லியில் சட்டம் படிக்கும் மாணவனுக்கு வாணியம்பாடியும் ஆம்பூரும் பாடம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் படிக்கும் மாணவனுக்கு எங்கோ ஓடும் ஏதோ ஓர் ஆறு பாடம். இது அநியாயமில்லையா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடத்தாரை மட்டும் குறை சொன்னால் அது நேர்மையாகாது. மதரஸாவில் நாங்கள் ஓதிக் கொடுக்கும் சட்ட நூல்களில் முதல் பாடமே தண்ணீர்தான். எது சுத்தமான நீர், எது சுத்தப்படுத்தும் நீர், நிறம், சுவை, வாடை மாறினால் என்ன சட்டம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பல வருஷம் நானும் அதை நடத்தியிருக்கிறேன். ஒரு நாள்கூட மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய், “பாருங்கள், நிறம் மாறியிருக்கிறது, வாடை மாறியிருக்கிறது” என்று காட்டியதில்லை. குரோமியம் நஜீஸா என்று ஒரு துடுக்கான மாணவன் கேட்டான். நஜீஸ் பட்டியலில் அது இல்லை என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். பட்டியலில் இல்லைதான். ஆனால் பிறருக்குத் தீங்கு இழைக்கலாகாது என்ற அடிப்படை விதி அதே நூல்களில்தானே இருக்கிறது? தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கமாயிற்றே இது! அந்த மாணவனுக்கு நான் இன்னும் பதில் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, என்னதான் நடத்துவது? பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு டம்ளரில் சேற்றுத் தண்ணீரும் இன்னொன்றில் உப்புக் கரைத்த தண்ணீரும் கொடுங்கள். இரண்டையும் வெள்ளைத் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள். சேறு துணியில் நிற்கும். உப்பு நிற்காது. டேனரித் தண்ணீரின் சிக்கலில் பாதி இந்த இரண்டு டம்ளரில் இருக்கிறது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடுகிறோம். அந்த உப்பை டேனரியில் அலசித்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கசடைப் பிரிக்கும், குரோமியத்தைப் பிரித்து மறுபடி பயன்படுத்தவும் வழி இருக்கிறது. கரைந்த உப்பை மட்டும் சாதாரண முறையில் பிரிக்க முடியாது. அதற்குத்தான் கோடிக்கணக்கில் செலவழித்து எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரங்கள் வைத்தார்கள். அது பிரித்துத் தரும் உப்பை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி. இதெல்லாம் நம் வியாபாரிகளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஏழாம், எட்டாம் வகுப்பு வந்தால், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பேனா அளவுதான் இருக்கும். விழாவில் நமக்குப் போர்த்தும் சால்வைச் செலவில் வாங்கிவிடலாம். பிள்ளைகள் தெருத் தெருவாகக் கிணறுகளையும் போர்களையும் அளந்து வரட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. தன் வீட்டுப் போர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அந்த எண்களை வைத்தே கணக்கு வாத்தியார் சராசரி நடத்தலாம், சமூகவியல் ஆசிரியர் ஊர் வரைபடம் போடலாம். மேல்நிலை வணிகவியல் மாணவனுக்குச் சுத்திகரிப்பு நிலையத்தின் வரவு செலவைக் கொடுங்கள். ஒரு லிட்டரைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு செருப்பின் விலையில் எங்கே ஏறுகிறது, ஏறாவிட்டால் அதை யார் சுமக்கிறார்கள் என்று அவன் கணக்குப் போடட்டும். பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்கூடக் கூட்ட வேண்டியதில்லை.

ஆனால் ஆசிரியர் தயாராகாமல் இதில் ஒன்றும் நடக்காது. பி.எட். படிப்பில் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாள் எழுதித் தேறியவர்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலை மிதித்ததில்லை. மீட்டரைக் கையில் பிடித்ததில்லை. “எங்க அத்தா ஷாப்பிலிருந்துதான் இந்தத் தண்ணி போகுதா சார்?” என்று ஒரு பிள்ளை கேட்டால் அதை அவமானப்படுத்தாமல் எப்படிப் பதில் சொல்வது? இதுதான் பயிற்சியிலேயே கஷ்டமான பகுதி. பொய்யும் சொல்லக் கூடாது, பிள்ளையின் மனதையும் உடைக்கக் கூடாது. மே மாத விடுமுறையில் பத்து நாள் போதும். சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் வியாபாரிகள் நாள்தோறும் யோசனை கேட்கும் இடம்தான். ஆசிரியர்களுக்காகவும் ஒரு முறை அங்கே கேட்டால் என்ன?

நம் முன்னோர் இதற்குச் சளைத்தவர்கள் அல்லர். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தபோது அதற்குப் பின்னால் நின்றது தோல் வணிகர்களின் பணம். மேல்விஷாரத்தில் கல்லூரிக்கே பெயராக நிற்கும் அப்துல் ஹக்கீம் சாகிபும் தோல் வணிகர்தான். அந்தப் பணத்தில்தான் நாம் படித்தோம். அந்தத் தொழிலின் தண்ணீரைப் பற்றிப் படிக்க மட்டும் ஏன் கூச்சம்?

இந்தோனேசியாவில் பெசந்த்ரென் என்று சொல்லப்படும் விடுதி மதரஸாக்களுக்காகவே 2008இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திட்டம் தொடங்கியது. அங்கே ஆலிம்கள் கூச்சப்படவில்லை.

“நம்மவர்களை நாமே காட்டிக் கொடுப்பதா ஹஜ்ரத்? எதிரிகள் வாய்க்கு அவல் போடுவதா?” என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மட்டும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அந்தக் கழிவை நம் டேனரிக்காரர்கள் கொட்டவில்லை, பழி மட்டும் எல்லோர் தலையிலும் விழுகிறது. ஆவாரம் பட்டையிலும் வேலம் பட்டையிலும் பதனிட்டுக்கொண்டிருந்தவர்களைக் குரோமியத்தின் பக்கம் தள்ளியதில் 1970களில் அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு போட்ட கட்டுப்பாடுகளுக்கும் பங்குண்டு. இந்த வரலாற்றையெல்லாம் பிள்ளைக்கு யார் சொல்வது? நாம் வகுப்பில் சொல்லாவிட்டால் பாதியை மட்டும் தெரிந்தவன் தெருவில் சொல்வான். காட்டிக் கொடுக்கும் வேலையெல்லாம் 1996லேயே தீர்ப்பாக அச்சேறிவிட்டது சகோதரரே, இனி மறைக்க என்ன இருக்கிறது? 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் இறந்தார்களே, அதை மறைக்க முடிந்ததா?

வியாபாரத்தைப் பார்த்தாலும் காலம் மாறிவிட்டது. வெளிநாட்டில் செருப்பும் பையும் வாங்கும் கம்பெனிகள் தண்ணீர்க் கணக்கைத் தணிக்கை செய்யாமல் ஆர்டர் தரத் தயங்குகின்றன. அந்தத் தணிக்கைக்குப் பதில் எழுத வெளியூரிலிருந்து ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம். நம் தெருப் பையன் பைக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

ஆண்டு விழா முடிந்த மறு வாரம் அந்தத் தாளாளரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். அவருடைய டேனரி பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்தது, ரசீதுகளையெல்லாம் எடுத்துக் காட்டினார். “ஹாஜியாரே, இதை என்னிடம் காட்டுவதைவிட உங்கள் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஒரு நாள் கேட்டைத் திறந்து உள்ளே விடுங்கள். அந்த ஆசிரியையைப் பயிற்சிக்கு அனுப்புங்கள், வேலைக்கு ஆபத்தில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். டீ வந்தது. கேன் தண்ணீரில் போட்ட டீ.

“டிரஸ்ட் மீட்டிங்கில் வைக்கிறேன் ஹஜ்ரத்” என்றார். ஷஅபான் மாதத்தில் கூட்டம். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.